வட்டத்தின் பின்பக்கம்

இரும்புக்கடை பூவுலிங்கத்துக்கு அன்னபாக்கியம் தர வேண்டியது நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். அதற்கு ஈடாக அவளிடம் வாங்கிய இரும்புக் குண்டை அவர் கடைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். இருபது வயதில் அந்தக் குண்டை எறிந்து பழகித்தான் அவள் குண்டு எறிதலில் மாநிலப் பதக்கம் வாங்கினாள். இப்போது நாற்பத்தாறு வயதில் அதே கடையில் தகரம் சுமக்கிறாள். ஒரு நாள் அவர் அந்தக் குண்டைத் தராசில் தூக்கி வைத்தார்.

"நாலு கிலோ. நூறு ரூவா தேறும். கடன்ல கழிச்சுக்கிறேன்."

"அதை எடைக்குப் போடாதீங்க அண்ணாச்சி."

"பெறவு? எங்க, அந்தா நிக்கிற லாரி வரைக்கும் எறி பாப்போம். எறிஞ்சிட்டா மொத்தக் கடனும் கிடையாது, போ."

சுமைக்காரர்கள் சிரித்தார்கள். அவள் சேலையை இழுத்துச் செருகினாள். குதிகாலால் மண்ணில் வட்டம் கீறி உள்ளே நின்றாள். குண்டைக் கழுத்தோடு ஒட்டி வைத்து, குனிந்து, திரும்பி நிமிர்ந்தாள்.

லாரியின் கதவு நெளிகிற சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, கடன் தீந்துச்சு!" என்று ஒருவன் கத்தினான். பூவுலிங்கம் லாரியை நோக்கி ஓடினார். எல்லோரும் ஓடினார்கள். அவள் ஓடவில்லை. வட்டத்தின் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தாள். முன்பக்கம் கால் வைத்தால் எறிந்தது செல்லாது.