கண்ணாடியில் என் முகம்

"அம்மா எங்கடா? உன் மூஞ்சிதான் தெரியுது" என்று அக்கா மறுபடியும் குரல் பதிவு அனுப்பியிருந்தாள்.

காலையிலிருந்து போனில் எத்தனையோ படம் எடுத்து அனுப்பிவிட்டேன். எல்லாவற்றிலும் கண்ணாடி முந்திக்கொண்டது. குறுக்கே டியூப்லைட், அதற்குக் கீழே போனும் கையுமாக நான். அம்மா எங்கோ உள்ளே.

கண்ணாடி மூடியைத் திறந்தால் குளிர் போய்விடும், திறக்கக் கூடாதென்று சொல்லிவிட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டு எடுக்கலாமென்றால் சித்தி கூடவே கூடாது என்றாள்.

அக்காவுக்கு ஒன்பதாம் மாதம். விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். இருக்கிற இடத்திலிருந்தே அம்மாவின் முகத்தை ஒரு தடவை தெளிவாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்பது.

அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த கேமராவை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தேன்.

"போலரைசர் ஃபில்டர் போட்டா கண்ணாடியில விழுற வெளிச்சத்தை வெட்டிடும்" என்றார் கடைக்காரர். லென்ஸ் மூடியின் உள்பக்கத்து எண்ணைப் பார்த்து, அதே அளவில் மூன்றை எடுத்து வைத்தார். மோதிரம் பார்க்க வந்த மாப்பிள்ளை போல ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

முதலாவதில் திருப்ப வேண்டிய வளையம் அடம்பிடித்தது. இரண்டாவது நன்றாகத் திரும்பியது, ஆனால் அதன் வழியாகப் பார்த்தால் வெள்ளைத் தாள் நீலமாக இருந்தது.

"லேசான நீலம்தான் சார். கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கலாம்."

வேண்டாம் என்றேன். அம்மாவின் முகத்தில் நீலம் வேண்டாம். அக்கா அது ஒன்றைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க அழுவாள்.

மூன்றாவது விலை கூடியது. ஷோகேஸுக்கு எதிரே பக்கவாட்டில் நின்று மெல்லத் திருப்பினேன். கண்ணாடி மேல் ஓடிக்கொண்டிருந்த தெரு போனது, பஸ் போனது, கடையின் டியூப்லைட்டும் போனது. உள்ளே இருந்த பழைய கேமராக்கள் மட்டும் பளிச்சென்று நின்றன.

சந்தோஷப்பட வேண்டிய இடம். ஆனால் காலையிலிருந்து எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. கொதிக்கிற டீயைக்கூட மடமடவென்று குடித்து வைத்திருந்தேன்.

"இப்ப நின்னீங்களே, அதே மாதிரி சாய்வா நின்னு எடுங்க. நேரா நின்னா வேலை செய்யாது."

சாய்வாக நிற்க வீட்டில் இடமிருக்குமா என்று யோசித்தேன். ஒரு பக்கம் சித்தி, இன்னொரு பக்கம் பெரியப்பா. நகரச் சொன்னால் நகர்வார்கள். இப்ப போட்டோ ஒண்ணுதான் குறைச்சல் என்று யாராவது முனகுவார்கள். முனகட்டும்.

கடைக்காரர் ஃபில்டரை என் லென்ஸில் மாட்டித் துணியால் துடைத்தார். யாரை எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். அம்மாவை என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப ஒண்ணு சொல்லிடறேன் சார். இதைப் போட்டா வெளிச்சம் குறையும், ஷட்டர் மெதுவாத்தான் விழும். கொஞ்சம் அசைஞ்சாலும் படம் கலங்கிடும். எங்கம்மாவையெல்லாம் எடுக்கவே முடியாது, ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டாங்க. உங்கம்மா அசையாம இருப்பாங்களா?"

"இருப்பாங்க" என்றேன். "நேத்து வரைக்கும் எங்கம்மாவும் உங்கம்மா மாதிரிதான்."