ஒரு வாரச் சோயாப்பால்

அரைமணி நேரமாகத் திறக்காத பாத்ரூமின் வெளியே, தோளில் துண்டோடு நின்ற கணவன் பெருமையடித்தான். “பாலை நிறுத்தி ஒரு வாரமாச்சு. வயித்துல ஒரு சத்தம் இல்ல, பாத்தியா!”

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். “சோயாப்பால்னு சொல்லி நான் தினமும் குடுத்தது அசல் மாட்டுப்பால் காப்பி! உங்களுக்குப் பால் ஒத்துக்காதுங்கிறதெல்லாம் வெறும் நடிப்பு. எங்கப்பாவைப் பாருங்க, கல்லைத் தின்னாலும் செரிச்சுடுவாரு.”

கணவன் திருதிருவென்று விழித்தான். “அடிப்பாவி! சோயான்னாலே எனக்குக் குமட்டும். அதான் தினமும் மாமாவோட கடுங்காப்பியை நான் குடிச்சுட்டு, என் காப்பியை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். பால் மாதிரியே இருக்குன்னு சொட்டு விடாம குடிச்சாரு!”

பாத்ரூமுக்குள்ளிருந்து மாமனாரின் ஈனக்குரல் வந்தது.

“அம்மாடி, இந்தச் சோயா என் வயித்தைக் கலக்கிடுச்சு. நாளையிலேர்ந்து எனக்கு நல்ல மாட்டுப்பாலே குடுத்துடு!”