ஐம்பத்தொன்றாம் விலா

எஞ்சின் இல்லாமல் பறக்கும் பழைய மரக் கிளைடர் விமானம் ஒன்றின் மாதிரியை அசலில் பாதி அளவுக்குச் செய்துகொண்டிருந்தபோதே தச்சர் போய்ச் சேர்ந்தார். இடது இறக்கைக்கு வடிவம் தரும், விலா எலும்பு போன்ற இருபத்திரண்டு விலாச் சட்டங்களை வெட்டி, பென்சிலால் எண் போட்டு, ஒரு பெட்டியில் வைத்திருந்தார்.

அவர் மனைவி தினமும் மதியம் இரண்டு சட்டங்களை ஒட்டினாள். பதினோராம் நாள் பெட்டி காலியானது. மறுநாள் அதில் இருபத்து மூன்றும் இருபத்து நான்கும் கிடந்தன. அவருடைய அதே சாய்ந்த கையெழுத்து.

"நீயே வெட்டி வெச்சிட்டு விளையாடுறியாம்மா?" என்றாள் மகள்.

"எனக்கு ரம்பம் பிடிக்கவே தெரியாதுடி."

சட்டங்களைத் தாங்கும் நடுக்கட்டையோடு இன்னொரு கட்டையைச் சேர்த்து நீட்டி அவற்றையும் ஒட்டினாள். மறுநாளும் இரண்டு இருந்தன. இறக்கை பட்டறையைத் தாண்டி, கூடத்தைக் கடந்து, படுக்கையறைக்குள் அவர் படுக்கும் பக்கம் வரை வந்துவிட்டது. மகள் குனிந்து போய்வரப் பழகிக்கொண்டாள். அவர் போனதிலிருந்து சோறு இறங்காத தாய், இப்போது வயிறாரச் சாப்பிட்டாள். மதியமானால் அவளுக்குக் கால் தரையில் நிற்காது.

ஒரு மதியம் பெட்டியில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. எண் ஐம்பத்தொன்று. அதன் கீழே, அதே கையெழுத்தில், "இதோட முடிஞ்சுது, கண்ணு" என்று எழுதியிருந்தது.

அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திறந்து வைத்த பசை டப்பாவிலேயே காய்ந்து கல்லானது; அந்தச் சட்டத்தை அவள் ஒட்டவேயில்லை.