செவ்வாயும் வெள்ளியும் மட்டும்

“அந்த ஆளு உயிரோட இருக்காரா இல்லையான்னாவது தெரியுமா, வெனிங்?” என்றார் பாக் சுகெங்.

வெனிங் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இருக்காரு பாக். ஆனா கை கழுவிட்டாரு. ‘இனிமே இதை நான் பாத்துக்க மாட்டேன்’னு பதினாலு மாசத்துக்கு முன்னாடியே எழுதி வெச்சிட்டுப் போயிட்டாரு.”

இந்தோனேசியாவின் மாலாங் நகரில் நாலே பேர் வேலை பார்க்கும் கம்பெனி, எல்லோரும் ‘பாக்’, அதாவது ஐயா, என்று கூப்பிடும் சுகெங்குடையது. அங்குள்ள மருத்துவமனை ஒன்றின் டயாலிசிஸ் பிரிவுக்கு இணையதளம் கட்டிக்கொடுத்தவள் வெனிங். பதினான்கு நாற்காலிகள், எண்பது நோயாளிகள். யாருக்கு எந்த நாள், எந்த நேரம், எந்த நாற்காலி என்று பிரித்துக் கொடுப்பது தளத்தோடு ஒட்டவைத்த ஒரு பிளகின், சின்னத் துணை மென்பொருள். இப்போது கை கழுவிய அந்த வெளிநாட்டுக்காரர் எழுதி உலகத்துக்கே இலவசமாக விட்டது.

இப்போது தளத்தின் அடிப்படை மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்துவிட்டது. பழையதற்கு இந்த மாதத்தோடு பாதுகாப்பு கிடையாது. புதியதோடு பிளகின் ஒத்துப்போகுமா என்று சொல்லத்தான் ஆளில்லை. வெனிங் சோதித்துப் பார்த்தபோது ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் பெயர் விழுந்தது. ஒரு முறை தவறினாலே மூச்சு முட்டி அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டியவர்கள் அவர்கள்.

வேறு வழி தெரியாமல் பிளகினின் பக்கத்திலேயே ஆங்கிலத்தில் எழுதிப் போட்டாள். ‘ஒரு டயாலிசிஸ் பிரிவே இதை நம்பி இருக்கிறது. யாராவது இருக்கிறீர்களா?’

வெள்ளிக்கிழமை ஒரு பதில் வந்தது. படமில்லை, பெயருக்குப் பதில் வெறும் எண்கள். ‘நான் பார்க்கிறேன்’ என்று மட்டும் இருந்தது.

“கேப்பிடல் எழுத்தே போட மாட்டேங்கிறாரே, கீபோர்டுல பாதி தேஞ்சு போச்சா?” என்று சிரித்தான் பக்கத்து மேஜை தீகோர். “பதிவு நேரத்தைப் பாருங்கக்கா. லண்டன் நேரம். ராத்திரி பன்னெண்டுல இருந்து நாலு வரைக்கும். பொண்டாட்டி தூங்கினப்புறம் திருட்டுத்தனமா உக்காருறாரு போல.”

அன்றிலிருந்து அவருக்கு லண்டன்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

லண்டன்காரர் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வந்தார். வந்தால் நாலு மணி நேரம் அசையாமல் வேலை செய்தார். மற்ற நாட்களில் தலைகீழாக நின்று கூப்பிட்டாலும் பதில் வராது. மாதக் கடைசி நெருங்க நெருங்க பாக் சுகெங்குக்குப் பொறுமை போய்விட்டது.

“மத்த நாளும் வரச் சொல்லு. சம்பளம் வேணும்னா குடுத்துடலாம்.”

வெனிங் தயங்கித் தயங்கித்தான் எழுதினாள். அடுத்த செவ்வாய் வந்த பதில் இது: ‘பணம் வேண்டாம். மற்ற நாட்களும் வர வேண்டிய நிலை எனக்கு வந்துவிடாமல் வேண்டிக்கொள்ளுங்கள்.’

“என்ன திமிரு பாத்தியா” என்றார் பாக் சுகெங். வெனிங்குக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமையே முழுப் பிளகினும் சரியாகி வந்துவிட்டது. எண்பது பெயர்களையும் போட்டுத் திரும்பத் திரும்பச் சோதித்தாள். ஒன்றுகூட மோதவில்லை. பிரிவுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை புதிய பதிப்பை ஏற்றினாள். திங்கட்கிழமை இரண்டு ஷிஃப்டும் சத்தமில்லாமல் நடந்து முடிந்தபோது, நாற்காலியில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு எல்லோருமாகத் தும்பெங் எடுத்துக்கொண்டு டயாலிசிஸ் பிரிவுக்குப் போனார்கள். கூம்பாகக் குவித்த மஞ்சள் சோறு, சுற்றிலும் பொரித்த கோழியும் சோயாவில் செய்த தெம்பேயும். நோயாளிகள் நாற்காலிகளில் சாய்ந்தபடி எட்டிப் பார்த்தார்கள். “ஆளுக்கு ரெண்டு வாய்தான், அதுக்கு மேல கேக்கக் கூடாது” என்று தலைமை நர்ஸ் லஸ்த்ரி முன்கூட்டியே அதட்டிவிட்டு, கத்தியை வெனிங்கிடம் கொடுத்தாள்.

கூம்பின் உச்சியை வெட்டி, அங்கே யாருக்கு மரியாதை அதிகமோ அவருக்குத்தான் முதலில் கொடுப்பார்கள். பாக் சுகெங் தன் பாத்திக் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். வெனிங் உச்சியை வெட்டி ஒரு வாழையிலையில் தனியாக வைத்தாள்.

“மன்னிச்சுக்கோங்க பாக். இது லண்டன்காரருக்கு.”

“பார்சல் லண்டன் போய்ச் சேர்றதுக்குள்ள கெட்டுப்போயிடும்க்கா” என்றான் தீகோர், அறை முழுக்கக் கேட்கும்படி.

“கெட்டா கெடட்டும். எண்பது பேரை ஒத்த ஆளா காப்பாத்தியிருக்காரு. அவர் பங்கு அவருக்குத்தான்.”

லண்டனில் இப்போது இரவு ஒரு மணி. செவ்வாய்க்கிழமை, விழித்துத்தான் இருப்பார். போனை எடுத்து எழுதினாள். ‘எல்லோரும் அவரவர் நாற்காலியில் இருக்கிறார்கள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. உச்சிச் சோறு எடுத்து வைத்திருக்கிறேன். முகவரி சொல்லுங்கள்.’

அடுத்த நிமிடமே பதில் வந்தது. இந்த முறை ஆங்கிலத்தில் இல்லை, ஊர் பாஷையான ஜாவானிய மொழியில் இருந்தது.

‘லண்டனெல்லாம் இல்லம்மா, நான் இன்டர்நெட்ல வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டரோட கடிகாரம் அப்படி. இடது கையில ஊசி ஏறியிருக்கு, நாலு மணி நேரமும் தட்டுறதுக்கு வலது கை ஒண்ணுதான். அதனால நீயே கொண்டு வந்து குடுத்துடு, ஆறாம் நாற்காலி.’