புது டாக்டருக்கு மட்டும்

ரக்னாவின் மேசையில் அன்றும் ஒரு கேக் இருந்தது. முந்தின நாள் யாரோ காட்டுப்பழ ஜாம் கொடுத்திருந்தார்கள்.

வட நார்வேயின் அந்த மீனவத் தீவுக்குக் குடும்ப மருத்துவம் பழக வந்தவள் ரக்னா. அவளுக்குக் கற்றுக்கொடுக்கும் தூரித், பல வருடங்களாக அங்கிருக்கும் ஒரே டாக்டர். தூரித்துக்கு வயிறு எரிந்தது.

"எல்லாரும் எவ்வளவு அன்பா இருக்காங்க. படிப்பு முடிஞ்சதும் இங்கேயே வந்துடலாமான்னு தோணுது" என்றாள் ரக்னா.

"முதல்ல குளிர்காலத்தைத் தாண்டு" என்றாள் தூரித் வெடுக்கென்று.

ஊசி என்றாலே ஓடி ஒளியும் கிழ மீனவர் அஸ்லாக் கூட, ரக்னாவிடம் சமர்த்தாகக் கையை நீட்டினார். தூரித்துக்குப் பொறுக்கவில்லை. அவரை வாசலில் மடக்கினாள்.

"புயல்ல படகேறி வந்து உங்களைக் காப்பாத்தினது நான். என்கிட்ட முறைப்பு, அவகிட்ட குழைவா?"

அஸ்லாக் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவா பேசுங்க டாக்டரம்மா. பயிற்சிக்கு வந்ததுங்க ஒண்ணுகூட இங்க தங்கல. உங்களுக்கும் வயசாகுது. இந்தப் பொண்ணையாவது பிடிச்சு வைக்கணும்னு ஊர்கூடி முடிவு பண்ணிருக்கோம். ஊசி எனக்கு வலிக்கத்தான் செய்யுது."

"எனக்கு ஒரு துண்டு கேக் கூட யாரும் தந்ததில்லையே?"

"உங்களுக்கு எதுக்கு? நீங்க எங்க ஊர்க்காரங்க. ஊரை விட்டுப் போறதா இருந்தா சொல்லுங்க, நாளைக்கே கொண்டுவரச் சொல்றேன்."

தூரித் உள்ளே போனாள்.

"ரக்னா, உனக்குக் காபி போடட்டுமா?" என்றாள், அதுவரை அவளிடம் பேசியிராத குரலில்.