நிற்பவர்களின் பதில்

“எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்காருங்க. வலியெல்லாம் ஒண்ணுமில்லீங்க,” என்றாள் கட்டிலருகே நின்ற அவர் மனைவி.

“அம்மா, நான் அவரைக் கேட்டேன்.”

புது டாக்டர். சின்னப் பெண். பெரிய டாக்டர் அன்று விடுப்பு.

அவள் சிரித்தாள். “பேச்சு வராதுங்க அவருக்கு. பக்கவாதம். பைல்ல போட்டிருக்குதுங்க.”

டாக்டர் பைலைத் திறக்கவில்லை. குனிந்து, படுத்திருந்தவரின் காதருகே அதே கேள்வியை மறுபடியும் கேட்டார்.

எட்டுக் கட்டில்கள் கொண்ட ஆண்கள் வார்டு அது.

தினமும் காலையில் பெரிய டாக்டர் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் நிற்பார். பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக் கேட்பார். நிற்பவர் சொல்வார். படுத்திருப்பவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பேச முடிந்தவர்களும் அங்கே பேசியதில்லை.

நல்ல பதில் வந்தால் பெரிய டாக்டர் தலையை அசைப்பார். இங்கே வந்து சேர்ந்த பதினோரு நாளும் அவள் நல்ல பதிலே சொன்னாள்.

இப்போது ஏழு தலையணைகளில் ஏழு தலைகள் இந்தப் பக்கம் திரும்பின.

“செவுத்தக் கேட்டாலாச்சும் பதில் வருமுங்க டாக்டரம்மா,” என்றாள் எதிர்க் கட்டில் பாப்பாத்தி. தன் அப்பாவுக்குத் துணையாக இருப்பவள். யாரோ சிரித்தார்கள். நின்றவர்கள்தான்.

பத்து மணிக்கு அவருக்கு ஆபரேஷன். வலது கால், முழங்காலுக்கு மேலே. சர்க்கரையில் பாதம் கறுத்துப் போயிருந்தது. அவள் முந்தின நாளே கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அவரிடம் சொல்லவில்லை. “சொல்லாதீங்க, மனசு விட்டுருவாரு,” என்று பெரிய டாக்டரை அவள்தான் கேட்டுக்கொண்டாள்.

“கொஞ்சம் வெளியே நில்லுங்கம்மா,” என்று டாக்டர் பச்சைத் துணி மறைப்பை இழுத்துவிட்டார்.

அவள் துணிக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

டாக்டர் கேட்பது மெல்லக் கேட்டது. பிறகு ஒரு குரல்.

அவருடைய குரல்.

முப்பது வருஷம் கண்டக்டராக இருந்த குரல். பஸ்ஸின் பின்படியிலிருந்து முன்படிக்குக் கேட்கிற குரல். நோயின் கரகரப்பு ஏதும் அதில் இல்லை. நிறுத்தி நிறுத்தி, நீளமாக, தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது.

அவள் துணியைப் பிடித்துக்கொண்டாள்.

என்ன பேசினார் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறாள். ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. குரல் மட்டும் இருக்கிறது.

மறைப்பு விலகியது.

அவர் வாய் எப்போதும்போல் இடப்பக்கம் கோணியிருந்தது. உதடு காய்ந்திருந்தது. டாக்டர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“பேசுனாருங்களே,” என்றாள்.

“பேசலைங்கம்மா. கையை அழுத்தினார். ஆமாம்னா ஒரு தடவை, இல்லைன்னா ரெண்டு தடவை.”

அவள் எதிர்க் கட்டிலைப் பார்த்தாள். பாப்பாத்தி வேறெங்கோ பார்த்தாள்.

“வலி இருக்கான்னு கேட்டேன். ஆமாங்கிறார். எத்தனை நாளான்னு கேட்டேன். அழுத்திக்கிட்டே இருந்தார். நான் எண்ணினேன். பதினொண்ணு.”

மின்விசிறி சுற்றியது.

“காலை எடுக்கப் போறோம்னு சொன்னேன். எடுக்கலாமான்னு கேட்டேன். வேண்டாங்கிறார். எடுக்கலைன்னா உயிர் தங்காதுன்னும் சொன்னேன். புரியுதான்னு கேட்டேன். புரியுதுங்கிறார்.” டாக்டர் அந்தக் கையை அவள் பக்கம் நீட்டினார். “நீங்களே ஒரு தடவை கேளுங்க.”

பதினோரு நாளும் அவள் அந்தக் கையைத் துடைத்துவிட்டிருக்கிறாள். நகம் வெட்டியிருக்கிறாள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அமுக்கியிருக்கிறாள். பிடித்ததில்லை.

பிடித்தாள். சூடாக இருந்தது.

“ஏனுங்க. கால எடுத்துரட்டுங்களா?”

இரண்டு அழுத்தம். அவசரமில்லாமல்.

அப்ப போறீங்களா என்ற அடுத்த கேள்வி நெஞ்சுவரை வந்தது. அதை அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை.

கை வெகுநேரம் அசையாமல் இருந்தது.

பிறகு ஒரு தடவை அழுத்தியது.

அவள் தலையை ஆட்டினாள். டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஆறுச்சாமி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஒரு சக்கரம் கீச்சிட்டது.

“பத்து மணி கேஸு. தூக்கலாங்களா?”

“வரமாட்டாராமாங்க,” என்றாள்.

“யாரு சொன்னது?”

“அவருதானுங்க.”

ஆறுச்சாமி சீட்டைப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான். “பேச்சில்லைன்னு இதுல எழுதியிருக்குது. கனாவுல வந்து சொன்னாராக்கும்?”

“இல்லீங்க. இப்பத்தான் சொன்னாரு.”

வழக்கமாக இதற்கு வார்டு சிரித்திருக்கும்.

யாரும் சிரிக்கவில்லை. ஆறுச்சாமியும் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, வார்டின் மறுகோடி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் திரும்பினாள்.

மற்ற ஏழு கட்டில்களிலும், போர்வைக்கு வெளியே, ஒரு கை.

ஒன்றில் ஊசியும் குழாயும் இருந்தன. எல்லாம், பிடித்துக் கேட்கச் சொல்வதுபோல், உள்ளங்கை மேலே பார்க்க விரிந்திருந்தன.

பக்கத்தில் நின்றவர்கள் குனிந்து அவற்றைப் பார்த்தார்கள்.

பாப்பாத்தி தன் கையை மெல்ல முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.