பச்சைப் புள்ளி

மேகலாவின் விழித்திரையில் அழற்சி. மாதாமாதம் கண்ணைப் படமெடுக்க அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவது கணவன் சற்குணம்தான். படமெடுக்கும் இருதயராஜுக்கு அவள் முகம் ஒருபோதும் நினைவிருப்பதில்லை. ஒவ்வொரு முறையும் பெயர் கேட்பான். திரையில் அவள் கண்ணின் உட்புறம் செக்கச்செவேலென்று விரிந்த பிறகுதான், "அட, நீங்களா மேடம்!" என்று மலர்வான். இன்றும் அப்படித்தான். "இந்த ரத்தக்குழாய் இப்படி வளைஞ்சு ரெண்டாப் பிரியறது உங்களுக்கு மட்டுந்தான். சுத்தி வெள்ளையா இருந்ததெல்லாம் போயிருச்சு பாருங்க." மேகலா சிரித்தாள். சற்குணத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளாய்த் தான் எட்டிக்கூடப் பார்க்காத இடத்தில் எவனோ ஒருவன் சந்து பொந்தெல்லாம் தெரிந்து நடமாடுகிறான். அதுகூடப் போகட்டும். தாடையை இயந்திரத்தில் வைத்து, உள்ளே எரியும் பச்சைப் புள்ளியை இமைக்காமல் பார்த்தாளே, அந்தப் பார்வை! தன்னிடம் பேசும்போதெல்லாம் அவள் கண் அடுப்பில் இருக்கும், இல்லையென்றால் கைப்பேசியில்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"அங்க பார்த்த மாதிரி, கண்ணச் சிமிட்டாம என்னைப் பாரு."

அவள் பழக்கத்தில் தாடையை உயர்த்தினாள். சொட்டு மருந்தில் விரிந்திருந்த கண்களால் அவன் முகமெங்கும் பொறுமையாகத் தேடினாள்.

"சரி, புள்ளி எங்க?" என்று கேட்டாள்.